குறைந்தது வரி, குறைந்ததா விலை?

கோழிக்கறி என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று ஒரு மாநிலத்தின் நிதியமைச்சரே அறிவிப்பது அபூர்வம். 2017 ஜூலையில் கேரளத்தில் அது நடந்தது. அந்த மாதம் முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., அமலுக்கு வந்தது. அதுவரை கேரளத்தில் கறிக்கோழிக்கு 14.5 சதவிகித மதிப்புக்கூட்டு வரி இருந்தது. புதிய முறையில் உயிர்க்கோழிக்கு வரியே கிடையாது. வரி ஒழிந்தால் விலை இறங்க வேண்டும் அல்லவா? இறங்கவில்லை. அப்போதைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் கணக்குப் போட்டுப் பார்த்து, கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்றார். கட்டுப்படியாகாது என்று வியாபாரிகள் கடைகளை அடைத்தார்கள். ஜூலை இரண்டாவது வாரத்தில் கேரளம் கோழி இல்லாமல் திண்டாடியது. பிறகு பேச்சுவார்த்தை நடந்தது, கடைகள் திறந்தன. ஆனால் அன்று எழுந்த கேள்விக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை. அரசு விட்டுக்கொடுக்கும் வரி யார் பைக்குப் போகிறது?

இந்தக் கேள்வியைத் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து கேட்பதைவிட எல்லையில் நின்று கேட்பது நல்லது. கேரளம் தின்னும் கறிக்கோழியில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பண்ணைகளில் வளர்வது. பல்லடம், பொள்ளாச்சி, நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகவும், தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் கூண்டு வண்டிகள் ஏறி இறங்குகின்றன. 2017 ஜூன் முடிய இந்த வழிகளில் கோழிக்கும் வரி அதிகாரிக்கும் நடந்த கண்ணாமூச்சி எல்லை ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கணக்கு எளிது. ஒரு வண்டியில் 2,000 கோழி, ஒவ்வொன்றும் 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000 கிலோ. கிலோ 87 ரூபாய் என்றால் 14.5 சதவிகித வரி கிலோவுக்கு 12 ரூபாய் 60 காசு. ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய். சோதனைச் சாவடியைத் தவிர்த்து ஊடுவழியில் ஒரு வண்டியைக் கடத்திவிட்டால் அவ்வளவும் மிச்சம். தென்னந்தோப்புக்கு நடுவே எத்தனையோ வண்டிப்பாதைகள் இரண்டு மாநிலத்தையும் இணைக்கின்றன. ஆகவே கடத்தல் நடந்தது. வரி கட்டாத கோழியும் வரி கட்டிய கோழியும் ஒரே சந்தையில் ஒரே விலைக்கு விற்றன.

ஐசக்கின் கணக்கு பொய்த்ததற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது. கட்டாத வரியை ஒழித்தால் விலை எப்படிக் குறையும்? திருட்டுக் கோழிக்கு வரி ஒழிந்ததால் ஒரு லாபமும் இல்லை. கடத்தியவருக்குக் கிடைத்துவந்த உபரிதான் போயிற்று. நேர்மையாக வரி கட்டியவரோ பல நாள் நஷ்டத்தை ஈடுகட்டப் பார்த்தார்.

இரண்டாவது காரணம் விலை எங்கே பிறக்கிறது என்பது. கறிக்கோழியின் பண்ணை விலையை அன்றாடம் அறிவிப்பது பல்லடத்தில் உள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு. திருவனந்தபுரத்துக்கு அதில் பங்கில்லை. குஞ்சு விலை, தீவன விலை, வெயில், விரதம், பண்டிகை எல்லாம் சேர்ந்து அந்த விலை தினமும் ஏறி இறங்கும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடிய கேரளக் கடலில் இழுவைப் படகு மீன்பிடிக்குத் தடை. மீன் குறையும்போது கோழிக்குக் கிராக்கி. அந்த நேரம் பார்த்து வரி ஒழிந்தால், போன வரியின் இடத்தை ஏறிய பண்ணை விலை பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கண்ணுக்கு நேற்றைய விலையே இன்றும் தெரியும்.

மூன்றாவது, அமைச்சர் பேசியது உயிர்க்கோழியின் விலை. வீட்டுக்குப் போவது உரித்த கறி. இறகு, குடல், கழிவு போக மிஞ்சும் எடை, வெட்டுக் கூலி, கடை வாடகை இவற்றைச் சேர்த்து வரும் விலையில் வரி எவ்வளவு இருந்தது, எவ்வளவு போயிற்று என்று ஒரு குடும்பத் தலைவி எப்படிக் கண்டுபிடிப்பார்? அடுத்த ஆண்டின் இறுதியில் கேரள அரசு 'கேரளா சிக்கன்' என்ற திட்டத்தைத் தொடங்கி உள்ளூரிலேயே கோழி வளர்க்க முயன்றது. விலையைக் கட்டளையால் இறக்க முடியாது, சந்தையில் இன்னொரு கடையைத் திறந்தால்தான் முடியும் என்று அரசு உணர்ந்துகொண்டதாகவே அதைக் கொள்ள வேண்டும்.

எல்லையோரத்து மக்களுக்கு வரி என்பது பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்த காலத்தில், எந்தச் சாமான் எந்தப் பக்கம் மலிவு என்பது அவர்களுக்கு மனப்பாடம். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போவார். குமுளிக்காரர் மலையிறங்கிக் கம்பத்துக்குப் போவார். வரியைக் குறைத்து வியாபாரத்தைத் தம் பக்கம் இழுக்க மாநிலங்களும் போட்டி போட்டன. இந்தப் போட்டியை நிறுத்தத்தான் 2000 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான குறைந்தபட்ச விற்பனை வரி விகிதங்கள் வந்தன. பிறகு மதிப்புக்கூட்டு வரி வந்தது. கேரளம் 2005 ஏப்ரலில் அதற்கு மாறியது. தமிழ்நாடு 2007 ஜனவரி வரை மாறவில்லை. இடையில் 21 மாதம், குமுளியின் ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு வரிமுறை, அந்தப் பக்கம் இன்னொன்று!

அந்தக் குழப்பத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு பலம் இருந்தது. இந்தப் பக்கக் கடைக்காரர் வரிக்குறைப்பைத் தராமல் அமுக்கினால், நடந்து போகும் தூரத்தில் அந்தப் பக்கக் கடை. பேரம் பேச அது போதும். எல்லை என்பது ஏழை வாடிக்கையாளரின் தராசாக இருந்தது.

ஜி.எஸ்.டி. வந்தபிறகு வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் லாரிகள் நின்ற காட்சி மறைந்தது. நல்லது. இரண்டு பக்கமும் வரி ஒன்றாயிற்று. அதுவும் நல்லதுதான். ஆனால் அதனுடன் அந்தப் பழைய தராசும் போயிற்று. சோப்பும் பற்பசையும் பிஸ்கட்டும் இரு பக்கமும் ஒரே நிறுவனம் தயாரிப்பவை, ஒரே அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டவை. கம்பத்துக் கடையும் குமுளிக் கடையும் ஒன்றோடொன்று போட்டி போடலாம், தம் லாபத்தில் ஓரிரு ரூபாய் விட்டுக்கொடுக்கலாம். அச்சிட்ட விலையைக் கீழே இறக்க இரண்டுக்குமே அதிகாரமில்லை. அந்த விலை எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் முடிவாகிறது.

இந்த நிலையில்தான் 2025 செப்டம்பர் 22 வந்தது. அன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பொருள்களின் வரி குறைந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதத்துக்கு இறங்கின. நெய், வெண்ணெய், குடை, சைக்கிள், பெரும்பாலான மருந்துகள் 12-லிருந்து 5. சிமென்ட், பெரிய டி.வி., ஏ.சி. ஆகியவை 28-லிருந்து 18. நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லை. ஜி.எஸ்.டி. கவுன்சில் இதை முடிவு செய்தது செப்டம்பர் 3-ஆம் தேதி. அந்த ஆண்டுத் திருவோணம் செப்டம்பர் 5. கேரளத்தில் புது டி.வி. வாங்கும் காலம் ஓணம். பாலக்காட்டுக்காரர் பழைய வரி கட்டி ஓணத்துக்கு வாங்கினார், அல்லது வாங்காமல் காத்திருந்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் தீபாவளிக்கு வாங்கியவருக்குக் குறைந்த வரி. வரிக்குறைப்புக்கும் நல்ல நாள் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

இங்கே வாசகர் ஒரு சின்னக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 18 சதவிகிதம் 5 ஆனால் விலை 13 சதவிகிதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 100 ரூபாய்ச் சரக்கு வரியோடு 118-க்கு விற்றது, இனி 105-க்கு விற்க வேண்டும். 118-இல் 13 ரூபாய் என்றால் 11 சதவிகிதம். அதேபோல் 12 சதவிகிதம் 5 ஆனால் விலையில் 6.25 சதவிகிதம் குறைய வேண்டும். 28 சதவிகிதம் 18 ஆனால் 7.8 சதவிகிதம். இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் கடையில் ஏமாற மாட்டோம், கடைக்காரரை அநியாயமாகச் சந்தேகிக்கவும் மாட்டோம்.

இந்தக் கணக்கைப் பொதுத்துறைக் கூட்டுறவுகளில் சோதித்துப் பார்க்கலாம். கேரளத்தின் மில்மா ஒரு லிட்டர் நெய்யை 720 ரூபாயிலிருந்து 675-க்கு இறக்கியது. 12 சதவிகித வரி 5 ஆனால் 720 மிகச் சரியாக 675 ஆகும். 220 ரூபாய் வெனிலா ஐஸ்கிரீம் 196 ஆயிற்று, அதுவும் சரி. தமிழ்நாட்டின் ஆவின் லிட்டர் நெய்யை 690-லிருந்து 650-க்குக் கொண்டுவந்தது. கணக்குப்படி 647 வந்திருக்க வேண்டும், மூன்று ரூபாய் குறைவாக இறங்கியது. இவ்வளவு துல்லியமாக நாம் சரிபார்க்க முடிவது எதனால்? பழைய விலை, புதிய விலை இரண்டையும் அவர்கள் ஊரறிய வெளியிட்டார்கள். மூன்று ரூபாய் என்றாலும் கேட்க முடிகிறது.

பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கும் சரக்கு, மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. மறுநாளே பங்கில் விலை குறைந்தது. 2022 மே 21-ஆம் தேதி இரவு மத்திய அரசு பெட்ரோல் கலால் வரியில் 8 ரூபாய், டீசலில் 6 ரூபாய் குறைத்ததாக அறிவித்தது. மறுநாள் காலை நாடு முழுவதும் அந்தக் குறைப்பு அமலானது. 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டபோது அதுவும் அன்றே ஏறியது. எல்லையோரத்து வண்டிக்காரர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்பத் தொடங்கினார்கள். பெட்ரோல் பங்க்காரர் மளிகைக் கடைக்காரரைவிட நல்லவர் என்பதாலா இது? பங்கில் விலை பெரிய எழுத்தில் எரிகிறது, அதை ஏற்றி இறக்க அவருக்கு உரிமையில்லை. அவ்வளவுதான்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. பழைய வரியில் வாங்கித் தொட்டியில் நிரப்பிய சரக்கை மறுநாள் காலை குறைந்த விலைக்கு விற்றுப் பங்க் உரிமையாளர்கள் நஷ்டப்பட்டார்கள். 2022 மே 31-இல் பல மாநிலங்களில் எண்ணெய் வாங்க மறுத்து ஒருநாள் போராட்டமே நடத்தினார்கள்.

இந்த நஷ்டம் பெட்டிக்கடைக்கும் உண்டு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெரிய கடைக்காரர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவர். 18 சதவிகித வரி கட்டி வாங்கிய சோப்பை 5 சதவிகிதத்துக்கு விற்றாலும், கட்டிய வரியைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக விற்கும் மளிகைக் கடைக்காரர் பதிவு செய்யத் தேவையில்லை. அதனால் அவருக்கு வரி வரவும் கிடையாது. கூட்டுவரித் திட்டத்தில் விற்பனையில் 1 சதவிகிதம் கட்டும் சிறு வியாபாரிக்கும் அப்படியே. மறையூரிலோ முதலமடையிலோ உள்ள சின்னக் கடையில் பழைய சரக்கு இரண்டு மாதத்துக்கு இருந்தால், புதிய விலைக்கு விற்கும் ஒவ்வொரு சோப்பிலும் அவருடைய சொந்தப் பணம் போகிறது. விநியோகஸ்தர் ஈடு கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால், 'பழைய சரக்கு, பழைய விலை' என்று அவர் சொல்வதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய பொட்டலங்களில் புது விலை ஸ்டிக்கர் ஒட்டுவது கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் துறையும் செப்டம்பர் 18-இல் தளர்த்திவிட்டது. அச்சிட்ட விலை ஒன்று, கொடுக்க வேண்டிய விலை இன்னொன்று என்றால் யார் யாரை நம்புவது?

அடுத்தது சில்லறைச் சங்கடம். தேயிலைத் தோட்ட லயங்களுக்குப் பக்கத்துக் கடைகளில் ஷாம்பு பாட்டிலைவிட ஷாம்பு பாக்கெட்டுதான் ஓடும். ஒரு ரூபாய் பாக்கெட்டில் 11 சதவிகிதம் குறைத்தால் 89 காசு. ஐந்து ரூபாய் பிஸ்கட் 4 ரூபாய் 45 காசு. சில நிறுவனங்கள் உண்மையிலேயே அப்படி அச்சிட்டன. ஆனால் 55 காசு மீதி தர எந்தக் கடையில் நாணயம் இருக்கிறது? ஐம்பது காசு சட்டப்படி செல்லும் என்றாலும் கடையில் செல்லாது. ஆகவே 5 ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறோம். விலையை அப்படியே வைத்து பிஸ்கட் எடையைக் கூட்டுவது நியாயமான வழி. ஆனால் எத்தனை கிராம் கூடியது என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் படித்து, பழைய பொட்டலத்தின் எடையோடு ஒப்பிட வேண்டும். ஐந்து ரூபாய்க்கு வாங்கும் மனிதருக்குத்தான் வரிக்குறைப்பு அதிகம் தேவை. அவரிடம்தான் அது வந்துசேர மிகவும் சிரமப்படுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வரி குறையாத பொருளுக்கும் விலை குறையும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அதற்கு முன்பும் 5 சதவிகிதம், பின்பும் அதே 5. சிறிய பாட்டிலில் விற்றாலும் அது சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2025-இல் கொப்பரை விலை ஏறியதால் எண்ணெய் விலையும் ஏறிக்கொண்டே போனது. 'வரி குறைந்ததே, எண்ணெய் ஏன் குறையவில்லை' என்று கேட்டவருக்குக் கடைக்காரர் என்ன சொல்லியும் நம்பிக்கை வந்திருக்காது. சாக்கிலிருந்து அளந்து தரும் அரிசிக்கும் காய்கறிக்கும் ஏற்கெனவே வரி இல்லை. கூலித் தொழிலாளியின் பையில் பாதிக்குமேல் இந்தக் குறைப்பு தொடாத பொருள்களே.

சரி, உண்மையில் அமுக்குபவர் யார்? எங்கெங்கே விசாரணை நடந்ததோ அங்கெல்லாம் விரல் பெரும்பாலும் பெட்டிக்கடையைச் சுட்டவில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171-ஆவது பிரிவு, வரிக்குறைப்பின் பயனை விலையில் குறைத்தே தர வேண்டும் என்கிறது. இதைக் கண்காணிக்க 2017 நவம்பரில் தேசியக் கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் அமைந்தது. 2018 டிசம்பரில் இந்துஸ்தான் யூனிலிவர் சுமார் 383 கோடி ரூபாய் பயனை வாடிக்கையாளருக்குத் தரவில்லை என்று ஆணையம் முடிவு செய்தது. நிறுவனம் மறுத்து நீதிமன்றம் போனது. டோமினோஸ் பீட்சா கடைகளை நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ்மீது 2019 ஜனவரியில் 41 கோடிக்கு மேல் கணக்கு வந்தது. 2017 நவம்பரில் உணவகங்களுக்கு வரி 5 சதவிகிதமாகக் குறைந்தபோது மெனு அட்டையில் விலை ஏறியது பலருக்கு நினைவிருக்கும். உணவகங்கள் தரப்பில் ஒரு வாதம் இருந்தது. வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை வரவு வைக்கும் உரிமையை அந்தக் குறைப்போடு அரசு பறித்துவிட்டது என்றார்கள். அது உண்மைதான். அதற்கு எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு ஏற்றினார்கள் என்பதுதான் வழக்கு. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தச் சட்டப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஆணையத்தின் வேலை 2022 டிசம்பரில் போட்டி ஆணையத்துக்கு மாறியது, 2024 அக்டோபரில் ஜி.எஸ்.டி. தீர்ப்பாயத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய புகார்கள் ஏற்கப்பட மாட்டா என்று முன்னரே அறிவிப்பு வெளியாகியிருந்தது. புகார்க் கதவு சாத்தி ஆறு மாதம் ஆவதற்குள், ஜி.எஸ்.டி. வரலாற்றிலேயே பெரிய வரிக்குறைப்பு வந்தது! அன்று குடிமகன் கையில் இருந்தது 1915 என்ற நுகர்வோர் உதவித் தொலைபேசி. மத்திய அரசு 54 பொருள்களின் விலையைத் தன் அதிகாரிகளைக் கொண்டு கண்காணித்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் புகார் சொன்னார்கள். ஆனால் இந்தக் குறைப்புக்காகப் புதிதாக ஒரு விசாரணை தொடங்கி, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று சொல்ல ஓர் அமைப்பு அப்போது இல்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் நிலைமை வேறு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், செப்டம்பர் 22 முதல் விலையைத் திருத்தி, புதிய விலைப்பட்டியலைக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. பட்டியல் இருந்ததால் கேட்க முடிந்தது. பட்டியல் இல்லாத இடத்தில் எதை வைத்துக் கேட்பது?

இது இந்தியாவின் தனி வியாதி என்று நினைக்க வேண்டாம். ஃபின்லாந்தில் 2007-இல் முடிதிருத்தும் கடைகளுக்கு வரியை 22 சதவிகிதத்திலிருந்து 8-ஆகக் குறைத்தார்கள். 2012-இல் மீண்டும் 23 ஆக்கினார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், வரி ஏறியபோது விலை ஏறிய அளவில் பாதிதான் வரி இறங்கியபோது விலை இறங்கியிருந்தது. குளிர்தேசத்து நாவிதரும் நம் ஊர்க் கடைக்காரரும் ஒரே மனிதர்கள். ஏறும்போது மின்தூக்கியில் ஏறும் விலை, இறங்கும்போது படிக்கட்டில் நின்று நின்று இறங்குகிறது.

இதில் பணயம் வைக்கப்பட்டிருப்பது சோப்பில் நாலு ரூபாய் மட்டுமில்லை. 2025-இல் கேரள நிதியமைச்சராக இருந்த கே.என். பாலகோபால், இந்தக் குறைப்பால் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 கோடி ரூபாய் வரை இழப்பு வரும் என்று கவலைப்பட்டார். பயன் மக்களைச் சேராமல் நிறுவனங்களிடம் தங்கிவிடும் என்றும் எச்சரித்தார். எதிர்க்கருத்தும் உண்டு. விலை குறைந்தால் விற்பனை பெருகும், வரியும் பெருகும் என்றது மத்திய அரசு. அந்த வாதம் பலிக்க வேண்டுமானால் முதலில் விலை குறைய வேண்டும். குறையாவிட்டால் இரண்டு நஷ்டம். கேரளத்திலானாலும் தமிழ்நாட்டிலானாலும் முதியோர் பென்ஷனுக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய ரூபாய் அரசின் பையிலிருந்து போய்விட்டது. கடைக்கு வந்த கிழவியின் பைக்கும் அது வரவில்லை. வரியாக வாங்கிய காலத்திலாவது அந்த ரூபாயைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம். லாபமாக மாறிவிட்ட ரூபாயை யார் கேட்பது?

ஆகவே இந்தக் கேள்விக்கு விடை கடைக்காரரின் மனசாட்சியில் இல்லை. விலையின் உள்ளே இருப்பது வெளியே தெரியும் இடத்தில் வரிக்குறைப்பு வாடிக்கையாளரிடம் வருகிறது. பெட்ரோல், மருந்து, மில்மா நெய் எல்லாம் அதற்குச் சாட்சி. தெரியாத இடத்தில் அது வழியிலேயே கரைந்துபோகிறது. கோழியும் ஷாம்பு பாக்கெட்டும் அதற்குச் சாட்சி.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. பொட்டலத்தில் அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் வரி நீங்கலான விலையையும் அச்சிடச் சொல்லலாம். ஒரு வரி எழுத்துதான் கூடும். நிறுவனம் வரிக்குறைப்புக்கு முந்தின நாள் தன் விலையைச் சத்தமில்லாமல் ஏற்றியிருந்தால் அது பளிச்சென்று தெரிந்துவிடும். வரி குறைக்கும் நாளிலேயே, பதிவில்லாத சிறு கடைகளின் பழைய சரக்குக்கு நிறுவனமே ஈடு கொடுக்க வேண்டும் என்று விதி செய்யலாம். இல்லாவிட்டால் பலவீனமான தோளில் பாரத்தை ஏற்றிவிட்டு அவரையே திருடன் என்போம். மூடிய புகார்க் கதவை, வரி குறையும் ஒவ்வொரு முறையும் ஓராண்டுக்காவது திறந்து வைக்கலாம்.

அதுவரை நம்மால் முடிந்தது, பழைய பில்லைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது. வரி குறையும் நாளுக்கு முன் வாங்கிய ஒரு மளிகை பில்லும் பின் வாங்கிய ஒரு பில்லும் போதும். 118 என்பது 105 ஆயிற்றா, 112 என்பது 105 ஆயிற்றா என்று வீட்டில் படிக்கும் பிள்ளையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் சந்தோஷம். குறையாவிட்டால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் பொட்டலத்தைத் திருப்பி, அதைத் தயாரித்தவர் முகவரியைப் படியுங்கள். கேள்வி போகவேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.